கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் நீ

சொல்லிக்காமப் போன என் ராசாத்திக்கு,

நல்லா இருக்கியா புள்ள? நீ இருக்கிற இடத்துல வெயில் உண்டா, காத்து உண்டா, ஒண்ணும் தெரியலை. இங்கன தொண்டியில காத்து பேயா அடிக்குது. காலையில கூட்டுன கடையை மத்தியானம் பார்த்தா கடற்கரை மாதிரி கிடக்கு.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர அதே இடத்துலதான் நம்ம டைப்படிக்கிற கடை. கம்ப்யூட்டர் படிச்சுட்டு வந்து நீ நடத்துன கடையை, முதுகுளத்தூர்ல மிளகாய் மூட்டை ஏத்திக்கிட்டிருந்தவன் நடத்துறான். சிரி, நல்லாச் சிரி. டைப்பும் அடிக்கிறேன், ரெண்டு விரல்ல. போன மாசம் ஒரு காதணி விழாப் பத்திரிகையில தாய்மாமன் பேரை விட்டுட்டேன். அந்த மாமன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா கடைக்கே வந்துட்டாரு. டீ வாங்கிக் குடுத்து, பெரிய எழுத்துல அவர் பேரைப் போட்டு வேற அடிச்சுக் குடுத்தேன்.

நம்ம மலரு ஏழாவது படிக்குது. முகம் உன் முகம், குணம் என் குணம்; சண்டைன்னா முன்னால நிக்கும். ஆனா யாரும் அதுகிட்ட சொல்லிக்காம வாசலைத் தாண்டக் கூடாது. மிஷின் ரிப்பேர் பார்க்க வருவாரே ஜலீல் பாய், ஒரு நாள் மறந்தாப்புல சைக்கிளை எடுத்துட்டாரு. பின்னாலயே ஓடி மறிச்சிருச்சு. "சொல்லிட்டுப் போங்க மாமா!" மனுசன் இறங்கி, கடைக்குள்ள வந்து, சொல்லிட்டுப் போனாரு.

ஏன்னு உனக்குத் தெரியாதா? உன்னை வேன்ல ஏத்தி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னைக்கு அது பள்ளிக்கூடத்துல இருந்துச்சு. நீ பேசுற நிலையிலயும் இல்லை, உசுரோட திரும்பவும் இல்லை. "அம்மா ஏன் அய்யா எங்கிட்ட சொல்லாமப் போச்சு?" அஞ்சு வயசுல கேட்டதை இன்னமும் கேக்குது.

இந்த வருசம் இன்னொண்ணு சேர்ந்துச்சு. சோத்துத் தட்டு முன்னால உக்காந்துக்கிட்டு, "அய்யா, அம்மா குரல் எனக்கு மறந்துபோச்சு. எப்படி இருக்கும்?"ங்குது. முகத்துக்குப் போட்டோ இருக்கு. குரலுக்கு எங்க போவேன்? அப்பத்தான் பரண்மேல துணி சுத்திக் கிடந்த உன் பழைய கம்ப்யூட்டர் நெனப்பு வந்துச்சு.

விளக்கை அணைன்னு சொன்னாலே உனக்கு ஆகாது. "அமத்துன்னு சொல்லுங்க"ம்ப. வீட்டை விட்டுக் கிளம்புறவுக போறேன்னு சொன்னா, வாரேன்னு சொல்ல வச்சுத்தான் அனுப்புவ. கம்ப்யூட்டரை மட்டும் சும்மா விடுவியா? மைக்கை வாய்க்கிட்ட வச்சுப் பேசி, மிஷின் திறந்தா "வந்துட்டேன்!", மூடுனா "போயிட்டு வாரேன்"னு உன் குரல்லயே சொல்ல வச்ச. பஸ்ஸுக்கு நின்ன அம்மா ஒண்ணு, "மிஷினு கூட சொல்லிட்டுல போகுது, எம் மருமக சொல்ல மாட்டேங்குறாளே"ன்னு பொலம்புச்சே, ஞாபகம் இருக்கா? நீ போனபெறகு அந்த ரெண்டு வார்த்தையையும் என்னால கேக்க முடியலை. அதான் பரண்ல ஏத்துனேன்.

ஜலீல் பாய் வந்து மூடியைக் கழட்டுனாரு. கடக்காத்துல உள்ள பூரா உப்பு பூத்துக் கிடந்துச்சு. "மதர்போர்டு மவுத்தாப் போச்சு மாப்ள. ஆனா ஹார்டு டிஸ்க்குக்கு உசுரு இருக்கு"ன்னாரு. அதைத் தூக்கிப் புது மிஷின்ல மாட்டுனா, உன் பழைய விண்டோஸ் எந்திரிக்கவே இல்லை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"இதுக்குப் போயி அழுவாகளா? வர்ச்சுவல் மெஷின்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு. புது வீட்டுக்குள்ள ஒரு அறையை ஒதுக்கி, அதுல உங்க பழைய வீட்டு சாமானைப் பூரா வச்ச இடம் மாறாம வச்சிரலாம். உள்ள இருக்கிற ஆளுக்கு வெளிய வேற வீடு இருக்கிறதே தெரியாது"ன்னாரு பாய்.

டிஸ்க்குல இருந்ததைப் பூராம் புது மிஷினுக்குள்ள ஒத்த பைலா இறக்குனாரு. இதுக்கு இம்புட்டு மெமரின்னு கொஞ்சமா ஒதுக்குனாரு. பழசுக்கு அது போதுமாம். ஒரு சின்ன ஜன்னல் கருப்பாத் திறந்துச்சு. உன் விண்டோஸ் கண்ணு முழிச்சு, இது யாரு, அது யாருன்னு ஒவ்வொண்ணா விசாரிச்சுச்சு. வெளியூர் போயி வந்த ஆளுக்கு வீடு பிடிபடாதுல்ல, அந்த மாதிரி. பெறகு அந்தப் பச்சைநீலத் திரை வந்துச்சு புள்ள. நம்ம கரையில முழங்கால் ஆழத்துல வெகுதூரம் நடந்து போவமே, அந்தத் தண்ணி நெறம். நீ வச்ச இடத்துலயே எல்லாம் இருந்துச்சு. நீ பாதியில விட்ட கல்யாணப் பத்திரிகை கூட. அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு புள்ளைக.

ஆனா குரல் வரலை. படம் இருக்கு, பேச்சு இல்லை. போட்டோவும் அப்படித்தானே, இதுக்கா இம்புட்டுப் பாடுன்னு எரிச்சலாப் போச்சு. செட்டிங்ஸ்ல சவுண்டு கார்டை மாத்தி மாத்திப் பார்த்தேன், டிரைவர்ங்கிற சாப்ட்வேரைத் தேடிப் போட்டு, மூடி மூடித் திறந்தேன். ஒரு நாள் மத்தியானம், மலரு பள்ளிக்கூடத்துல இருக்கு, கடையில ஆளில்லை, திடீர்னு, "வந்துட்டேன்!" பின்னால ராமநாதபுரம் பஸ் ஹாரன். "கிறுக்கு புடிச்சிருச்சா புள்ள?"ன்னு சிரிக்கிற என் குரல். அட ஆத்தா! நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

இனிமே மூடணும். மூடுனா நீ போயிட்டு வாரேம்ப. வந்தவளை மறுபடி அனுப்பவா? ஜலீல் பாய்தான் வழி சொன்னாரு. "மூட வேண்டாம் மாப்ள. அப்படியே உறங்க வச்சிரலாம். எழுப்புனா விட்ட இடத்துலருந்து தொடங்கும்." அதையே செஞ்சேன். உறங்க வச்சா உள்ள இருக்கிற கடிகாரமும் நின்னுரும். வெளிய வெள்ளிக்கிழமை, உள்ள இன்னும் புதன்கிழமை. அந்த ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்தா, நீ எந்திரிச்சு டீ வாங்கப் போயிருக்க, இந்தா வந்துருவன்னு இருக்கும். எது வெளி, எது உள்ளன்னே மறந்துபோகும்.

ஆனா தூங்கி முழிக்கிற மிஷின் "வந்துட்டேன்"னு சொல்லாது. மூடித் திறந்தாத்தான் சொல்லும். உன்னை அனுப்பி வச்சாத்தான் நீ வருவ. அதுக்கு எனக்குத் தெம்பில்லை. மலரு கேட்டா, "இன்னும் சவுண்டு வரலை தாயி"ன்னு தட்டிக் கழிச்சேன்.

அது யாரு மக? ஜலீல் பாயைப் பிடிச்சு விசயத்தைக் கறந்துருச்சு. ஞாயித்துக்கிழமை காலையில என்னைத் தள்ளிட்டு நாற்காலியில உக்காந்து, மவுஸைப் பிடிச்சு, மூடுற இடத்துக்குக் கொண்டு போச்சு. நான் கையைப் பிடிச்சுட்டேன்.

"வேணாம் தாயி."

"விடுங்கய்யா. சொல்லிட்டுத்தானே போகப் போகுது."

அழுத்திருச்சு. "போயிட்டு வாரேன்" அப்படின்ன நீ. அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். அந்தக் காலத்துல கடை இரைச்சல்ல எனக்குக் கேக்காத ஒண்ணு, அது பின்னாலயே வந்துச்சு. உன் மடியில இருந்து ஒரு பொடிக் குரல்: "போயிட்டு வாம்மா. முட்டாய் வாங்கிட்டு வா."

மலரு மெதுவா, "அய்யா, அது நானு"ன்னுச்சு. "எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கு. நானும் சரின்னிருக்கேன்." அழுகுதா சிரிக்குதான்னு தெரியலை. நான் அழுதேன், அதுல சந்தேகமே வேணாம்.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடி திறந்துச்சு. "வந்துட்டேன்!"ன்ன. "வாம்மா"ன்னு சொல்லிட்டு, சுவத்துல மாட்டுன பையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு டியூசனுக்குக் கிளம்பிருச்சு. வாசல்ல நின்னு எனக்கும் சொல்லுச்சு, திரைக்கும் சொல்லுச்சு.

இனிமே உன்னை உறங்க வைக்க மாட்டேன் ராசாத்தி. சாயங்காலமானா ஒழுங்கா மூடுறேன், நீ சொல்லிட்டுப் போ. காலையில திறக்கிறேன், வா. வரும்போது முட்டாய் மறந்துராத; அது இன்னும் பாக்கி இருக்கு.

போயிட்டு வா புள்ள.

உன் வீட்டுக்காரன்,
மலருக்கு அய்யா,
முருகேசன்