பேரீச்சை வேரோடு போகும் சுவர்

அன்பு வாப்பாவுக்கு, உங்கள் மகள் சலாம் சொல்லி எழுதுவது.

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதம் என்றாலே உங்களுக்குச் சள்ளை. "வாயால சொல்லு புள்ள, போன் எதுக்கு இருக்கு?" என்பீர்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன். அதையும் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுவது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

நான் இப்போது உங்கள் ராஸ் அல் கைமாவில்தான் இருக்கிறேன். நீங்கள் டைல்ஸ் சுட்ட ஃபாக்டரியின் புகைபோக்கி எங்கள் சைட்டிலிருந்து தெரிகிறது. தொல்லியல் படிக்கப் போகிறேன் என்றதும், "நான் மண்ணச் சுட்டு அனுப்புறேன், நீ அதத் தோண்டி எடுக்கப் போறியாக்கும்" என்று சிரித்தீர்கள். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவளுக்கு அந்தச் சிரிப்பே சம்மதமாக இருந்தது.

ஒரு பழைய பேரீச்சைத் தோட்டத்தில் வில்லாக்கள் வரப்போகின்றன. கட்டுவதற்கு முன், மண்ணுக்கடியில் பழங்காலத்துச் சுவடு ஏதும் இருக்கிறதா என்று நீளக் குழிகள் வெட்டிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஆனால் மரங்களைத் தொடக் கூடாது என்றார்கள். அவற்றை வேரோடு எடுத்து வில்லாத் தெருக்களில் நடப்போகிறார்களாம். அதனால் மர வரிசைகளுக்கு நடுவில் மட்டும் வெட்டினோம். நடுவில் இருந்ததெல்லாம் தண்ணீர் பாய்ச்சுவதற்காகக் காலங்காலமாக வெட்டிக் கலைத்த வாய்க்கால் மண். அதில் என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை என்று அறிக்கை போனது.

இந்த வாரம் மரங்களைத் தூக்கத் தொடங்கினார்கள். முதல் மரம் எழுந்த குழியை எட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் சுடாத மண்செங்கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, நேராக. சுவர், வாப்பா. பாதியில் அறுந்திருந்தது. மீதிப் பாதி, வேரைச் சுற்றிய மண்ணோடு சாக்கில் கட்டப்பட்டு லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் இன்சார்ஜ் நாகர்கோவில்காரர். அவரிடம் போட்டோவைக் காட்டினேன்.

"பழைய வேலிச் சுவரா இருக்கும் மக்ளே. ரிப்போர்ட் போயாச்சு. கலாஸ், முடிஞ்சு."

"பானை ஓடும் சேர்ந்து கெடக்கு சார்."

"ஓடு எங்கதான் கெடக்கல? இப்பப் போய் இத எடுத்தா, அப்ப கண்ண மூடிக்கிட்டா தோண்டுனியன்னு கேப்பாவ. நல்ல பிள்ளைல்லா, போய் டீ குடி."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கிரேன் ஓட்டும் யாழ்ப்பாணத்து அண்ணன் நான் குழியோரம் நிற்பதைப் பார்த்து இறங்கி வந்தார். "தங்கச்சி, நிப்பாட்டச் சொன்னா நான் உடன நிப்பாட்டுவன். ஆனா சொல்ல வேண்டிய ஆக்கள் சொல்லோணும். உம்மட முகத்தப் பாத்து கிரேன நிப்பாட்டேலாது."

அந்த ஆட்கள் நாளைக் காலை வருகிறார்கள். அரசுத் தொல்லியல் அதிகாரி சரி என்று சொல்லிவிட்டால் மீதி வரிசைகளும் லாரி ஏறிவிடும். அந்தக் கூட்டத்தில் நானும் இருக்கிறேன், லேப்டாப்பில் படங்களைத் தள்ளிவிட. பேச அல்ல.

இங்கே வந்ததிலிருந்து என் காதில் கேட்பது உங்கள் குரல்தான். "சைட்ல வாயத் தொறக்காத மகளே, விசா அவங்க கையில." அந்தச் சொல் உங்களை இந்த ஊரில் வைத்திருந்தது, எங்களுக்குச் சோறு போட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நெஞ்சு அடைத்து இருமியபோதும் அதே சொல்லைத்தானே உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்கள்?

நாளை அந்தச் சுவரின் படத்தைத்தான் முதலில் காட்டுவேன். மீதி மரங்களைத் தூக்குமுன் அவற்றின் அடியைத் தோண்டிப் பார்க்க அவகாசம் கேட்பேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். என்ன ஆனாலும் வெள்ளிக்கிழமை, இந்த ஊர் மண்ணிலேயே உங்களை அடக்கிய கபருக்கு வந்து சொல்கிறேன்.

கேட்கத் தயங்கி இதுவரை வைத்திருந்தது ஒன்றுதான், வாப்பா. எனக்குச் சொன்ன அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு நாளாவது.

உங்கள் துஆவை நம்பி நிற்கும்,
மூத்த மகள்