ஒரு நாளைக்கு ஒரு இசைத்தட்டு

4-5-83, புதன்

காலை ஒன்பதுக்கே மொட்டைமாடி கொதிக்கிறது. எங்கள் அறைக்கு மேலே அதுதான் கூரை. மதியம் தரையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டு, ஈரத்தில் பாய் போட்டு, மலரைப் படுக்கவைத்தேன். ஐந்து நிமிடத்தில் தரை காய்ந்துவிட்டது.

நேற்று இவர் கம்பெனியிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரு அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். தோலுக்குச் சாயம் ஏற்றக் கற்றுத்தர வந்திருந்த ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனவை. "பொழுது போகல, பொழுது போகலன்றியே. வச்சிக்கோ." அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது.

பெட்டியில் பதினொரு தட்டுகள். என்னுடையது ஒன்று, காலேஜில் பரிசாகக் கிடைத்த வீணை. கேட்க மிஷின் இல்லாமல் மூன்று வருடமாக டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில். ஆக 12.

அட்டைகளில் எல்லாம் ஜெர்மன். படத்தை வைத்துத்தான் பெயர் வைக்க வேண்டும்: படகு, மஞ்சள் வீடு, மீசைக்காரர், பனிமலை, இன்னொரு மீசைக்காரர்.

கோடை முழுக்க இது என் படிப்பு. விதிகள்:
– நாளைக்கு ஒன்று. இரண்டு பக்கமும். முதலிலிருந்து கடைசிவரை.
– பிடிக்காவிட்டாலும் ஊசியைத் தூக்கக் கூடாது.
– கேட்கும்போது வேறு வேலை கூடாது. (பால் கொடுப்பது வேலையில் சேராது.)

எங்கள் இங்கிலீஷ் மேடம் சொல்வார்: பிடித்த பாட்டை மட்டும் கேட்கிறவள் பந்திக்கு மட்டும் கல்யாணத்துக்கு வருகிறவள். மேடத்துக்கு ஒரு கடிதம் போட வேண்டும். மூன்று வருடமாக வேண்டும்.

5-5, வியாழன்

படகு. பியானோ மட்டும். முதல் பக்கம் தூறல் மாதிரி. இரண்டாம் பக்கம் கொஞ்சம் அலுப்பு. தூக்கவில்லை.

மலர் தவழ்ந்து போய் பிளேயரின் மரப்பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தாள். பத்து மாதத்தில் இப்படி ஒரு ரசிகை! எடுத்தால் அழுகிறாள், விட்டால் பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொள்கிறாள்.

ஒரு மணிக்குக் கம்பெனி சங்கு. கீழ்வீட்டு நூர்ஜா அக்காவின் ரேஷ்மா வழக்கம்போல வீறிட்டது. அதற்கும் பத்து மாதம்தான். மலர் தூங்கிக்கொண்டே இருந்தாள். அக்கா படியேறி வந்து பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி இது, உம் பொண்ணு கலெக்டர் கணக்கா தூங்குது! எங்க வூட்டுது சங்கு ஊதினா தெருவையே கூட்டுது. பேஜாரா கீது."

"எங்க வீட்டுக்காரர் குடும்பம் தறிக் குடும்பம் அக்கா. சத்தத்துக்கு அசைய மாட்டாங்க" என்றேன். பெருமையாகத்தான்.

மாமியார் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். குடியாத்தத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நாலு பவர்லூம். லுங்கி நெசவு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தூளி தறிக்குப் பக்கத்தில்தான். மலருக்கும் மூன்று மாதம் அங்கேதான் கட்டினார்கள். அவள் முதல் நாளே அசையாமல் தூங்கியதைப் பார்த்து அத்தை தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "எங்க வூட்டு ரத்தம். சத்தத்துக்கு அழுவுற புள்ள எங்க வம்சத்துல பொறக்காது." இவருடைய தம்பி குழந்தை ஒரு வாரம் அழுததாம். அதற்கு இன்றுவரை 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர்.

7-5, சனி

மஞ்சள் வீடு (வயலின்). நேற்று மீசைக்காரர் (பாட்டு, ஆண்குரல், கோபமாக இருக்கிறாரா காதலா தெரியவில்லை).

கப்பலுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு இருக்கிறதாம், இவர் வர ஒன்பது ஆகிறது. சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். சட்டையை இரண்டு தடவை அலசினாலும் தோல் வாடை போகவில்லை.

இன்று முழுக்க நான் பெரியவர்களிடம் பேசியவை: "கால் லிட்டர் போதும்." "அப்படியே வைங்க." "சாப்பிட வர்றீங்களா?"

மலரிடம் பேசியது கணக்கில் இல்லை. நாளெல்லாம் பேசுகிறேன். முன்பெல்லாம் அவளும் பதிலுக்கு ஊ, ங்கா என்று வாய் ஓயாமல். இந்த மாதம் குறைவு. பல் முளைப்பதாலா? குறித்துவைக்கிறேன்.

வாங்க: கிரைப் வாட்டர், சீயக்காய், பால்புட்டி ரப்பர் 2.

9-5, திங்கள்

வீணை. என் சொந்தத் தட்டு. இரண்டு பக்கமும் கேட்டு முடித்தபோது அழுதிருந்தேன். சோகம் என்று இல்லை. பரிசு வாங்கிய அன்று என்ன புடவை கட்டியிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை.

11-5, புதன்

எழுதலாமா கூடாதா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

பனிமலை. பெரிய வாத்தியக் கூட்டம். முதல் பக்கத்தில் நடுவே நெடுநேரம் மிக மெதுவாகப் போகிறது. காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும். நூர்ஜா அக்கா ரேஷ்மாவை என்னிடம் விட்டுவிட்டுக் கறிக்கடைக்குப் போயிருந்தார். இரண்டு குழந்தைகளும் பாயில், எனக்கு முன்னால். ரேஷ்மா கையில் கரண்டி, மலர் வாயில் என் சாவிக்கொத்து. வேறு யாராவது என்றால் ஊசியைத் தூக்கியிருப்பார்கள். எனக்கு விதி. உட்கார்ந்திருந்தேன், ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு.

திடீரென்று முரசு. எல்லா வாத்தியமும் ஒன்றாக. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ரேஷ்மா கரண்டியை எறிந்துவிட்டு வீறிட்டாள்.

மலர் சாவியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதுகூடப் பெரிதில்லை. ரேஷ்மா பக்கத்தில் கத்துகிறாள். மலர் சாவியிலேயே இருந்தாள். தற்செயலாகத் தலையைத் திருப்பினாள், ரேஷ்மாவின் முகத்தைப் பார்த்தாள், பார்த்த பிறகுதான் உதட்டைப் பிதுக்கினாள்.

இரண்டாம் பக்கம் போட்டேன். ஏன் போட்டேன் தெரியவில்லை. ஒன்றும் காதில் விழவில்லை.

12-5, வியாழன்

கேட்பதற்காகத் தட்டு போடவில்லை. இன்று செய்தவை:

தட்டத்தைப் பின்னால் போட்டேன். திரும்பவில்லை. (பால் குடித்த மயக்கம்?)
கைதட்டினேன். திரும்பினாள்!! மறுபடி, கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று. இல்லை. (முதல் தடவை என் நிழல் சுவரில்.)
பெயர் சொல்லி, மெதுவாக. இல்லை. கத்தி. இல்லை.
சங்கு, மணி 1. விழித்திருந்தாள். இல்லை.
கிலுகிலுப்பை. பார்த்தால் சிரிக்கிறாள். பார்க்காவிட்டால் இல்லை.
பிளேயர் பெட்டி. ஊசி ஓடும்போது கை வைத்தால் சிரிப்பு. என் கையையும் வைத்துப் பார்த்தேன். மரம் உள்ளே அதிர்கிறது, பூனை வயிறு மாதிரி. நான் ரசனை என்று நினைத்தேன்.

தறி. அன்று தூளியில் அசையாமல் கிடந்தாளே. தெருவே வந்து பார்த்ததே. நானும் சிரித்துக்கொண்டு நின்றேனே.

14-5, சனி

இவரிடம் சொன்னேன். சோறு போட்டுவிட்டு, மோர் ஊற்றும்போது.

"இன்னா பேசுற நீ? நல்லா இருக்கிற கொழந்தைய."

"நீங்க ஒரு தடவ பின்னாடி நின்னு கூப்பிட்டுப் பாருங்க."

"எங்க அண்ணன் நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இன்னைக்கு அவன் வாய மூட முடியல. நீ பகலெல்லாம் அந்த ரெக்கார்டப் போட்டுட்டு தனியா உக்காந்து எதையாவது நெனச்சிக்கிற. அதக் கொண்டாந்ததே தப்பு."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ…"

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்னு யோசிச்சியா? ஊரெல்லாம் கூப்பிட்டுக் காமிச்சவங்க." கை கழுவிவிட்டுப் போய்விட்டார். மோர் அப்படியே.

அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்றுதான் இருந்தது. நான் பைத்தியமாக இருந்துவிட்டுப் போகிறேன்.

17-5, செவ்வாய்

தட்டுகள் தொடர்கின்றன. எட்டு, ஒன்பது. கேட்கிறேன் என்று சொல்ல முடியாது. முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒலியை ஏற்றிக்கொண்டே போகிறேன். கீழேயிருந்து நூர்ஜா அக்கா, "இன்னா தங்கச்சி, வூட்ல நிக்காவா? பிரியாணி உண்டா?"

இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டேன். முழுக்க. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "ரெண்டு மாசமா எனக்கு டவுட்டு. நீ தப்பா எடுத்துக்குவியோன்னு வாய மூடிக்கினேன். நீ வேற தறிக் குடும்பம், ரத்தம்னு குஷியா சொல்லிக்கினு இருந்தே" என்றார்.

இரண்டு மாதம். அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. படித்தவள் நான்.

அக்கா முருங்கைக்கீரை ஒரு கட்டு கொடுத்தனுப்பினார். மேலே வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

20-5, வெள்ளி

அனல். மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை. தட்டு இல்லை. மலர் என் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். நான் பாடினேன். விரலை எடுக்கவே இல்லை.

22-5, ஞாயிறு

இவருக்கு லீவு. ஒரு வாரமாகத் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. நான் வாக்குவாதம் செய்யவில்லை. மதியம் இன்னொரு மீசைக்காரரை எடுத்தேன். (கூட்டுப்பாட்டு, ஆண் பெண் எல்லாரும், அதிரடி.) ஊசி வைக்கப் போகும்போது இவர் எழுந்து வந்தார்.

"இரு. நான் உக்கார்றேன்."

மலரை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியிலிருந்து தள்ளி, தலையணைமேல் உட்கார்ந்தார். தரையின் அதிர்வு அவளுக்கு எட்டக் கூடாது என்று யோசித்திருக்கிறார். அப்படியானால் இந்த ஒரு வாரமும் யோசித்திருக்கிறார்.

போட்டேன். முழு ஒலி.

சினிமாப்பாட்டே முழுதாகக் கேட்காதவர். முதல் பக்கம் முழுக்கக் குனிந்து அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தார். கூட்டம் ஒரேயடியாக எழும்பும்போதெல்லாம் அவர் புருவம் எழும்பியது, இதோ இப்போது என்பதுபோல. அவள் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பக்கம் முடிந்தது. நிறுத்தவா என்று பார்த்தேன்.

"இன்னொரு பக்கம் இருக்குதில்ல? போடு."

போட்டேன். பாதியில் அவர் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் மெதுவாக. மலரு. மலரு. அப்புறம் பாட்டுக்கு மேலே கத்தி. கீழ்வீட்டில் ரேஷ்மா அழ ஆரம்பித்தது கேட்டது. பொத்தான் பிய்ந்து அவள் கையோடு வந்தது. அதை அவரிடம் காட்டிச் சிரித்தாள்.

கடைசிவரை இருந்தார். தட்டு முடிந்து ஊசி டக், டக் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தார். "புதன்கெழம லீவு சொல்லிட்டேன். மொத பஸ்ஸுக்கே போயிடலாம்."

25-5, புதன்

வேலூர். பெரிய ஆஸ்பத்திரி. வரிசை, சீட்டு, மறுபடி வரிசை. பதினோரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். சத்தம் புகாத அறை, சுவரெல்லாம் மெத்தை மாதிரி. ஒரு அம்மா முன்னால் பொம்மை காட்டினார், இன்னொருவர் பின்னால் மணி, கிலுகிலுப்பை, சின்ன முரசு. அப்புறம் ஒரு மிஷின், காதில் மாட்டி. எதற்குமே திரும்பவில்லை என்று நான் சொல்லப்போக, "நீங்க கைய அசைக்காதீங்கம்மா" என்று அதட்டல்.

டாக்டர் அம்மா கேட்டார், மாசமாக இருக்கும்போது மேலெல்லாம் பொடிப்பொடியாகத் தடித்துக் காய்ச்சல் வந்ததா? வந்தது. மூன்றாம் மாதம். மூன்று நாள். உடம்புச் சூடு என்று சந்தனம் தடவினார்கள். எழுதிக்கொண்டார்.

இடது காது இல்லை. வலதில் கொஞ்சம் இருக்கலாம், மிகக் கொஞ்சம். ஒரு வயது முடிந்ததும் மிஷின் வைத்துப் பார்க்கலாம்.

இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தறிச் சத்தத்தால ஆச்சுங்களா, டாக்டர்?" இல்லை, தறிக்கு முன்னாலேயே, வயிற்றில் இருக்கும்போது அந்தக் காய்ச்சலிலேயே ஆகிவிட்டது என்றார். இவர் தலையாட்டினார். அவருக்கு அது ஆறுதலா, இல்லையா. எனக்கு இல்லை.

"கேக்காதுன்னு பேச்ச நிறுத்திடாதீங்க. அதான் எல்லாரும் பண்ற தப்பு. மொகத்துக்கு நேரா, வெளிச்சத்துல, வாய் தெரியறாப்ல பேசுங்க. விடாம பேசுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கூட்டம். இவருக்கு உட்கார இடம் கிடைத்தது, மலர் மடியில். நான் இரண்டு சீட் தள்ளி நின்றுகொண்டு வந்தேன். பஸ் வேலூர் தாண்டியது. இவர் அவளைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அதோ பாரு, லாரி. லா-ரி. தோலு ஏத்திக்கினு போவுது, நம்ம கம்பெனிக்கு. அதோ எரும. பாலாறு பாரு, தண்ணியே இல்ல, மண்ணுதான். இதான் பள்ளிகொண்டா. இறங்குறவங்க இறங்குறாங்க. மாம்பழம் விக்கிறாங்க. மாம்-பழம்."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்தவில்லை. மலர் கண்கொட்டாமல் அவர் வாயையே பார்த்தாள்.

பின்சீட்டில் மாம்பழக் கூடையோடு ஒரு அம்மா. "கொழந்த எம்மாம் கவனமா கேக்குது பாருய்யா! ஒரு வார்த்த உட மாட்டேங்குது."

இவர் திரும்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடியே, "ஆமாம்மா. பத்து மாசம்தான் ஆவுது" என்றார்.