பயன்படாத இடம்

பிப்ரவரி 6

இன்று கூட்டத்தில் நான் சொல்லாதது: அது பயன்படாத இடமில்லை.

தலைநகர் அசுன்சியோனிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் ரிவரோலா வரைபடத்தை விரித்தார். ஊழியர்களை மையமாக வைத்து, அவர்கள் மனமறிந்து, மருத்துவமனையின் பின்புறம் அவர்கள் ஓய்வெடுக்க ஓர் ஊக்க அறை கட்டப்போகிறார்களாம். அங்கிருக்கும் மாமரம் படத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். அதற்குள் "பயன்படாத இடம்" என்று எழுதியிருந்தது.

காலை பத்து மணிக்கு நாங்கள் தெரெரே என்னும் குளிர்ந்த இலைத்தேநீரைக் குடிப்பது அந்த நிழலில்தான். ஒரே கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சுகுழல், வட்டமாகச் சுற்றிவரும். நர்ஸ்களில் இளையவள் என்பதால் இலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. தொற்றுத் தடுப்புக் குழு சுற்றறிக்கை விட்டு இதைத் தடை செய்திருக்கிறது. இடம் எங்களுடையது என்று சொன்னால் குடிப்பதையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். மூச்சு விட்டால் அந்த நிழலும் போய்விடும் என்று பயந்தேன்.

வரைபடம் சுருண்டுகொள்ளாமலிருக்க ரிவரோலா அதன் மூலையில் வைத்தது எதை? தன்னுடைய தெரெரே பிளாஸ்கை.

பிப்ரவரி 9

கருத்துக் கணிப்பு. "உங்கள் பணியிடத்தில் என்ன இல்லை?" என்பதையே பல விதமாகக் கேட்டிருந்தார்கள். நான் நாற்காலி என்று எழுதினேன். வார்டு பணியாளர் செபரினோ, இரவு ஷிப்டுக்கு இன்னொரு நர்ஸ் என்று எழுதினார். அது வடிவமைப்புக்குள் வராதாம். அவரிடம் புதுத் தாள் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 15

குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் நிம்ஃபாவை — மரியாதையாக ஞா நிம்ஃபா என்போம் — ஒரு தனியார் கிளினிக்கில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மரத்தடியில் குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"அங்க ஏசி இருக்கு, சம்பளமும் கூட. ஆனா பத்து மணிக்கு யார்கூட உக்காருவேன்? அதான் பதில் சொல்லாம இழுத்துட்டு இருக்கேன்."

போன குளிர்காலத்தில் என் கையில் ஒரு குழந்தை இறந்த நாளன்று, அவர் இந்த நிழலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று அவர்தான் எனக்கு ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் நான் வேலைக்கு வந்தேன்.

இவர் போய்விட்டால்?

மார்ச் 4

மரத்தை வெட்டினார்கள்.

ஏப்ரல் 22

திறப்பு விழா. அறை அழகுதான், மறுக்கமாட்டேன். நாற்காலிகள் தரையில் திருகி இறுக்கப்பட்டு, எல்லாம் கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி. நடுவில் தடுப்பு. ஆளுக்கொரு குளிர்நீர்க் குழாய், ஆளுக்கொரு காகிதக் கோப்பை. யார் முகமும் யாருக்கும் தெரியாது. இதற்குப் பெயர் தனிமனித மீட்சியாம்.

புகைப்படக்காரர் ஞா நிம்ஃபாவை உட்காரவைத்தார். "கொஞ்சம் சிரிங்க சிஸ்டர். நீங்க ஓய்வா இருக்கீங்க."

அவருக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

விழா முடிந்ததும், அழுக்காகாமலிருக்க அறையைப் பூட்டினார்கள். சாவி இயக்குநரின் செயலாளரிடம். ஓய்வெடுக்க விரும்புவோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஏப்ரல் 24

ஆம்புலன்ஸ் கொட்டகையில், டீசல் நாற்றத்துக்கு நடுவே குடித்துக்கொண்டிருந்தோம். ரிவரோலா பிளாஸ்கோடு ஐஸ் தேடி வந்தவர், எங்களைப் பார்த்ததும் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வட்டத்தில் இடம் விட்டோம். அது வழக்கம். முன்பு எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டார். ஞா நிம்ஃபா அவர் கட்டிய ஊக்க அறையைக் காட்டினார்.

"யாரும் சொல்லலையே. அத்தனை கேள்வி கேட்டேனே."

"என்ன இல்லைன்னு கேட்டீங்க, ஆர்க்கிடெக்ட். இது இருந்துச்சே."

அவர் வெகுநேரம் குழலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குவளை எப்போதோ காலியாகியிருந்தது.

நான் வாயைத் திறந்தேன் — இரண்டு மாதம் கழித்து! நாற்காலியைக் கழற்றி வட்டமாகப் போட முடியாதா?

முடியுமாம், ஒரு காலை வேலைதானாம். ஆனால் அறையைப் பரிசுக்கு அனுப்பியாகிவிட்டதாம். நடுவர்கள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாதாம்.

என்னையே திட்டிக்கொண்டேன்: அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? சொல்லியிருந்தா சுற்றறிக்கையை நீட்டியிருப்பாங்க. நீட்டட்டுமே. மரமாவது நின்னிருக்கும்.

ஞா நிம்ஃபா தன் முறை வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு எழுந்து போனார்.

ஜூன் 11

எங்கள் ஊர் ஜூன் குளிர் வந்துவிட்டது, இலையில் ஊற்ற வெந்நீருக்கு மாறிவிட்டோம். ஊக்க அறைக்குப் பரிசு கிடைத்திருக்கிறது. வாசலில் பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள்: நாற்காலியில் ஞா நிம்ஃபா, வாய்விட்டுச் சிரித்தபடி.

அவர் கிளினிக்கில் சேர்ந்து மூன்று வாரமாகிறது.