திங்கட்கிழமை எண்ணெய்

இன்று காலை, பிரிட்ஜ் குழாயின் காற்றை உறிஞ்சும் நம் வேக்கும் பம்பின் எண்ணெயை வடித்தேன். அந்தக் கருகிய வாடை கடை முழுக்கப் பரவியதும் உன் ஞாபகம் வந்தது. எண்ணெய் பால் தேத்தண்ணி மாதிரி வெளுத்திருந்தது. இந்தத் தடவை அதை வெளுக்க வைத்தவன் நான்தான்.

உனக்குத் தெரியாமல் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில், சனிக்கிழமை கடை மூடும்போது பம்பின் எண்ணெய்க் கண்ணாடியில் பேனாவால் மெல்லிய கோடு போட்டு வைத்தேன். பண்டாரவளையில் இருவரும் சேர்ந்து பதினோரு வருடம் பிரிட்ஜ் பழுது பார்த்தோம். அத்தனை வருடத்தில் உன்னை வேவு பார்த்தது அந்த மழைக்காலத்தில்தான். சனிக்கிழமை தெளிவாக இருந்த எண்ணெய் திங்கட்கிழமை வெளுத்திருந்தது. ஈரம் புகுந்த ஏதோ ஒரு மெஷினிலிருந்து தண்ணீரை இழுத்திருக்கிறது. கடை இல்லாத நாளில் யாருடைய மெஷின்?

"ஞாயித்துக்கெழம பம்ப தூக்கிக்கிட்டு எங்க போற மச்சான்?"

"சும்மா, அக்கா வீடு வரைக்கும்," என்றாய்.

அக்கா வீட்டுக்கு எவன் பம்பு தூக்கிக்கொண்டு போவான்? பதுளையில் தனிக்கடை போடப் போகிறாய் என்று நானே முடிவு கட்டினேன். அடுத்த திங்கள் எண்ணெய் பளிச்சென்று இருந்தது, ஆனால் என் கோட்டுக்கு ஒரு நூல் மேலே. மாற்றி ஊற்றியிருக்கிறாய். அது இன்னும் மோசமாகப் பட்டது. உன்னோடு தேத்தண்ணி குடிக்கப் போவதை நிறுத்தினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. திருட்டு முழி என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு கழிந்த புதன்கிழமை மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. சாவு வீட்டில்கூட, எங்காவது மூலையில் புதுக் கடைப் பலகை சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

போன மாதம் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரிக்கு, பிரிட்ஜ் கதவு ரப்பர் மாற்றப் போனேன். பின்பக்கம் நான் கேஸ் நிரப்பிய தேதி, என் கையெழுத்தில். அதன் கீழே உன் கையெழுத்து: 'ஒன்பதே கால் 30. பத்தே கால் 30.' பம்பை நிறுத்தி வால்வைப் பூட்டிவிட்டு, ஒரு மணி நேரம் மீட்டர் முள்ளையே பார்த்தபடி கைகட்டி உட்கார்ந்திருப்பாயே. "முள்ளு எறங்குனது பெருசில்ல மச்சான், அங்கேயே நிக்குதான்னு பாரு," என்பாய்.

அங்கே வேலை செய்யும் மிட்வைப் அம்மா சொன்னார்: "நீங்க கேஸ் போட்டு ரெண்டே நாள்ல கூல் நின்னுருச்சு. ஊசி மருந்த தூக்கிக்கிட்டு பக்கத்து தோட்டத்துக்கு ஓடுனோம். அந்த அண்ணன்தான் மழையில வந்து சரி பண்ணுனாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

நீ ஞாயிறுகளில் கிளம்பத் தொடங்குவதற்குச் சற்று முன், நம் பம்பு பழுதாகிப் பதுளையில் கிடந்த பத்து நாளில், நான்கு பிரிட்ஜுகளுக்குக் காற்றை இழுக்காமலே கேஸ் நிரப்பினேன். கொஞ்சம் கேஸை ஊதவிட்டுக் காற்றை வெளியேற்றியதாகப் பேர் பண்ணினேன். நம் மலையில் மூடுபனிக் காலத்தில் குழாயைத் திறந்தாலே ஈரம் ஏறும். அது மெல்லிய குழாயில் உறைந்து அடைக்கும். பம்பு இல்லாமல் எப்படிச் செய்தாய் என்று நீ கேட்டபோது, பதுளை பாய் ஒருவரிடம் இரவல் வாங்கினேன் என்றேன். பொய் சொன்னவன் நான். கோடு போட்டதும் நான்.

மற்ற மூன்று பிரிட்ஜுகளையும் தேடிப் போனேன். இரண்டில் உன் எழுத்து இருந்தது. நான்காவது, நமுனுகுலயில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில். ஐஸ் பாக்கெட் விற்ற பெண், ஓடாத பிரிட்ஜில் துணி மடித்து வைத்திருந்தாள். "ஒருத்தர் ஞாயித்துக்கெழம வர்றேன்னாரு. வரவே இல்லீங்க."

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன்.

நேற்றுப் பம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மனைவி வாசலில் மறித்தாள். "லீவு நாள்ல இத தூக்கிக்கிட்டு எங்க போறீங்க?"

"சும்மா, அக்கா வீடு வரைக்கும்."

நான் உன்னைப் பார்த்த அதே பார்வை பார்த்தாள். எனக்கு அக்கா கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.