அம்மாவின் புதுக் குரல்

ராமநாதபுரம்
12.2.1961

அன்பு மகளுக்கு,

நீ சோதித்த நாற்பதாவது மருந்தும் பெண் எலிகளின் கட்டியைக் கரைத்தாலும் அவற்றுக்கு ஆண்தன்மையைக் கொடுத்துவிட்டது, ஆராய்ச்சியை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவே பதில் சொல்லிவிட்டாள்.

மார்பில் வந்து முதுகெலும்புக்கும் பரவிய புற்றுக்கு மதுரை டாக்டர் எழுதிய ஆண் ஹார்மோன் ஊசியால் அவளுடைய முதுகுவலி குறைந்திருக்கிறது. ஆனால் குரல் கட்டையாகிவிட்டது. மோவாயில் முடியும் வருகிறது. நான் சவரம் செய்துகொள்ளும்போது அவளுக்கும் செய்துவிடுகிறேன்.

இன்று காலை மீன்காரி கருத்தம்மாள் வாசலில் கூப்பிட்டாள். "என்ன மீனு?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"வாத்தியாரய்யா, உங்களுக்கு மீனு பாக்கத் தெரியாது. அம்மாவ வரச் சொல்லுங்க!"

அம்மா கதவைச் சாத்திவிட்டாள். இனி ஊசியே வேண்டாம் என்றாள்.

எனக்குத் தெரிந்தது உதாரணம் சொல்வதுதானே. இந்த மருந்து முள் நிறைந்த மீன், சதை கெடாமல் முள்ளை மட்டும் எடுக்கத்தான் நம் மகள் பம்பாயில் பாடுபடுகிறாள் என்றேன். அதைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்:

"அவ எடுக்கிற வரைக்கும் நான் முள்ளோடயே தின்னுக்கிறேன். வேலைய விட்டுட்டு வந்துராதேன்னு எழுதுங்க."

பிறகு கதவைத் திறந்து, "ஏடி கருத்தம்மா, நான்தான்டி அம்மா!" என்று கூப்பிட்டாள். தெருக்கோடிக்குப் போயிருந்தவள் கூடையோடு திரும்பி வந்தாள். பழைய குரல் அவ்வளவு தூரம் எட்டியிருக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அய்யா