கொட்டு: விஜயபாஸ்கர்

புஜைரா
3 பிப்ரவரி 2023

அன்புள்ள ஜெயமணிக்கு,

உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் சொல்லாவிட்டால் நீ பாதிக் கடிதத்திலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். குவாரியை விட்டு ஓடிவந்து நான்கு மாதமாகிறது. சிம் கார்டு குவாரிக் கம்பெனி பெயரில் இருந்ததால் உடைத்துப் போட்டேன். பாஸ்போர்ட் விசா கொடுத்த அரபி முதலாளி கபீலிடம் மாட்டிக்கொண்டது. ஓடிப்போனவன் என்று என் மேல் கேஸ் இருக்கும். தெருவில் போலீஸ் வண்டி மெதுவாகப் போனாலே சந்துக்குள் ஒதுங்கிவிடுகிறேன்.

இப்போது டெரன்ஸ் என்ற இங்கிலாந்துக் கிழவர் வீட்டில் கார் கழுவுகிறேன். ஒரு காலத்தில் நாலு பேர் கிடாரோடு மேடையில் கத்துகிற கோஷ்டிக்குப் பாட்டு எழுதினவராம். இந்த எழுபத்தாறு வயதில் தனியாக ஒரு ஆல்பம் போடுகிறார். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் துக்கத்தில் பாடியது, அவர் ஊர் சர்ச்சில் கேட்ட ஆர்மோனியம், எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது.

போன வாரம், ஊரில் என்னோடு ஒரே கொட்டுச் செட்டில் அடித்த விஜயபாஸ்கர் நினைப்பு வந்து, பெயிண்ட் டின்னில் நம் ஊர்ச் சாவுக்கொட்டு அடித்துக்கொண்டிருந்தேன். குவாரியில் பாறை சரிந்து செத்த அவனை ஆணியடித்த பெட்டியில் ஊருக்கு அனுப்பினார்கள். அவன் முகத்தைத் துடைத்து உள்ளே வைத்தவன் நான்தான். கிழவர் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். உள்ளே கூட்டிப்போய் மறுபடி அடிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டார். என் பெயரை ஆல்பத்தில் போடப் போகிறாராம். சந்தோஷப்படுவதா, நடுங்குவதா? நீயே சொல்.

பதிலை உறையில் உள்ள மளிகைக் கடை விலாசத்துக்குப் போடு.

உன்
கார்மேகம்

கீழப்பனையேந்தல்
26 பிப்ரவரி 2023

அன்புள்ள மச்சானுக்கு,

நான்கு மாதம் நான் சோறு தின்றேனா என்று கேட்டீர்களா? கிழவர் பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிகிறது.

கம்பெனி ஆள் என்று ஒருவன் இரண்டு தடவை போன் செய்தான். "உன் புருஷன் எங்கம்மா?" என்றான். தெரியாது என்றேன். வைத்ததும் போனை அணைத்துப் போட்டேன். உங்கள் பெயர் எதிலும் வரக்கூடாது. மீறிப் போட்டால் இந்த வீட்டு வாசல்படி மிதிக்காதீர்கள்.

ஜெயமணி

புஜைரா
19 மார்ச் 2023

அன்புள்ள ஜெயமணிக்கு,

உன் கோபம் நியாயம். பெயர் வேண்டாம் என்று கிழவரிடம் சொன்னேன். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். யாரிடம் எதைக் கற்றாரோ அதையெல்லாம் ஆல்பம் அட்டையில் எழுதுகிறவர் அவர். பெயர் போடாமல் எடுத்தால் திருட்டு என்கிறார். பெயர் இல்லையென்றால் பாட்டையே தூக்கிவிடுவாராம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கொட்டு விஜயபாஸ்கருக்கு அடித்தது. அதனால் அவன் பெயரையே கொடுத்துவிட்டேன். எந்த ஊர் என்றார், நம் ஊரைச் சொன்னேன். செத்தவனை எந்தப் போலீஸ் பிடிக்கும்? இனி நீ நிம்மதியாகத் தூங்கு.

உன்
கார்மேகம்

கீழப்பனையேந்தல்
12 நவம்பர் 2023

மச்சானுக்கு,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

பாட்டு வெளியே வந்துவிட்டது. விஜயபாஸ்கர் பெண்டாட்டி சங்கீதாவின் தம்பி போனில் பார்த்திருக்கிறான். 'கொட்டு: விஜயபாஸ்கர், கீழப்பனையேந்தல்' என்று போட்டிருக்கிறதாம். போட்டுக் காட்டியதும் அவள், "இது அவர் கைதான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் இருவரும் ஒரே செட்டில் அடித்தவர்கள்தானே, கை எப்படி வேறாக இருக்கும்? பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அப்படியே புதைத்தார்களே, உள்ளே இருந்தது வேறு யாரோ என்கிறாள்.

மறுபடி பொட்டு வைத்துக்கொண்டாள். நேற்று மஞ்சள் புடவையில் வந்து, "அண்ணன் ஏதாவது எழுதினாரா? இவரைப் பார்த்தாராமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் உலை கொதிக்கிறது என்று கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடித்தது நீங்கள் என்று சொன்னால் ஊருக்குத் தெரியும், கம்பெனிக்குப் போகும், உங்களைப் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் அவள் வராத மனுஷனுக்காகக் காத்திருப்பாள். புருஷனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதி வைத்திருக்கிறாள்.

அவளைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களை நினைத்தும், என்னை நினைத்தும்.

ஜெயமணி

புஜைரா
3 டிசம்பர் 2023

அன்புள்ள ஜெயமணிக்கு,

உன் கடிதத்தைக் கடைக்காரர் கொடுத்து இரண்டு நாளாகிறது. என் தலை தப்பினால் போதும் என்று அவன் பெயரை எடுத்துக்கொண்டேன். அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்பது அப்போது தோன்றவே இல்லை.

கிழவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். உடனே பெயரை மாற்றச் சொல்லி லண்டனில் ஆல்பம் வெளியிட்டவர்களுக்கு எழுதினார். இனி அங்கே என் பெயர் இருக்கும். அதைப் பார்த்துக் கம்பெனி ஆட்கள் வருமுன் நானே போலீஸுக்குப் போய்விடுகிறேன். நாளைக் காலை அவரே காரில் போலீஸ் ஸ்டேஷனில் இறக்கிவிடுவார். உள்ளே எத்தனை நாள் வைப்பார்கள், எப்போது ஊருக்கு ஏற்றுவார்கள், ஒன்றும் தெரியாது.

கூடவே இருக்கும் இன்னொரு தாள் சங்கீதாவுக்கு. அடித்தது நான் என்றும், அவன் முகத்தை என் கையால் துடைத்தேன் என்றும், அவள் அறிந்த அந்த இடது புருவத்துத் தழும்பைப் பார்த்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். நீ கதவைத் திறந்து போய் அவள் கையில் கொடு. படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இரு.

கார்மேகம்