சுடுதரையில் ஊற்றிய தண்ணீர்

ஏப்ரல் 8

பேருந்தில் என் முகத்துக்கு நேரே ஒருவனுடைய அக்குள். மேலே கம்பியைப் பிடித்திருந்தான். பாவம், அவனுக்கும் வேறு வழியில்லை. முந்தாநாள் போட்ட சட்டை, அதன் மேல் இன்று காலை அடித்த சென்ட். அந்த சென்ட் வியர்வையை மறைக்கவில்லை, கைகோர்த்து ஊர்வலம் கூட்டிப் போனது. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தேன். நடந்தால் சாக்கடை.

கோடை வந்துவிட்டது. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் மூடியைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கம்பெனியில் சின்ன முதலாளி கூப்பிட்டார். தரை துடைக்கிற திரவத்துக்குப் புது மணம் வேண்டுமாம். பெயர் 'கோடைத் தோட்டம்'. லேபிள் அச்சாகி வந்துவிட்டது: ரோஜா, பட்டாம்பூச்சி, ஓடை, ஓடைக்கரையில் தலை விரித்த ஒரு பெண். இனி லேபிளுக்குத் தகுந்த மணத்தை நான் செய்ய வேண்டும். "சும்மா லேப்லயே உட்கார்ந்திருக்காதீங்க சார். இயற்கைய ரசிங்க. ஒரு மரத்தடியில போய் உட்காருங்க, தானா வரும்" என்றார்.

இத்தனை வருட வேலையில் எனக்குத் தலைவலியைத் தவிர எதுவும் தானாக வந்ததில்லை.

ஏப்ரல் 10

ஆபீஸ் ஃபிரிட்ஜில் யாரோ பாதி முட்டையை மறந்துவிட்டார்கள். என் மூக்குக்கு மட்டும்தான் தெரிகிறது.

ஏப்ரல் 13

பூங்காவுக்குப் போனேன். சம்பளத்தோடு, இயற்கையை ரசிக்க. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

வந்தது: நாய் மூத்திரம். பெஞ்சுக்கு அடித்த புது பெயின்ட். வற்றிய குளத்தின் அடிச்சேறு, அதில் செத்த மீன். யாரோ தின்று எறிந்த பழத்தோலில் ஈ. பூக்களும் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. வெயிலில் அவையும் பழசாகி, ஈரத்துணியை மடித்து வைத்த மாதிரி ஒரு நெடி. பக்கத்து பெஞ்சுக் கிழவர் என்னைப் பார்த்து, "தியானமா தம்பி, நல்லது" என்றார். வாந்தியை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 15

மாமனார் வந்துவிட்டார். ஊரெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன், வலது காலில் பெரிய கட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். சர்க்கரைப் புண். தனியாக இருந்தால் பார்த்துக்கொள்ள மாட்டார் என்று என் மனைவி பிடிவாதமாகக் கூட்டி வந்தாள். அவளே தினமும் கழுவிக் கட்டுகிறாள், சலவை ஆலையில் எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரி போர்வைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து.

கூடத்தில்தான் அவருக்குக் கட்டில். நான் கதவைத் திறந்ததுமே அது வருகிறது: மருந்து, பஞ்சு, அதற்கு அடியில் இன்னொன்று. அந்த இன்னொன்றை எழுத விருப்பமில்லை.

"வாங்க மாப்ள, மெலிஞ்சிட்டீங்களே" என்றார். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு சிரித்தேன்.

ஏப்ரல் 19

நான் கூடத்தில் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் ஜன்னல் பக்கம் நின்று சாப்பிடுகிறேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரியும்.

இன்று மகளிடம், "தாத்தாவுக்குத் தண்ணி கொண்டு போய்க் குடு" என்றாள் இவள். கொண்டு போனாள். தம்ளரை நீட்டும்போது மூக்கைச் சுருக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்து... அப்படியே நான். ஒன்பது வயசுக் குழந்தை முகத்தில் என் மூஞ்சி.

அவர் தம்ளரை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். இவள் அடுப்படிக்கு வந்தாள்.

"பாத்தீங்கல்ல?"

"குழந்தைதானே."

"குழந்தைக்கு அது எங்கேர்ந்து வந்துச்சு? உங்க மூக்குதான் நமக்குச் சோறு போடுது, ஒத்துக்கறேன். அதுக்காக இந்த வீட்டுல எல்லாரும் அதுக்குப் பயந்துகிட்டே இருக்கணுமா? வேலைலேர்ந்து வந்தா நான் குளிச்சிட்டுத்தான் உங்க பக்கத்துல வரணும். எங்கப்பா எங்க போய்க் குளிப்பாரு?"

தட்டைக் கழுவினேன். நாறுதுன்னா நாறுதுதான். நான் வேணும்னேவா செய்யறேன்?

ஏப்ரல் 20

மாமனாரும் இவளும் மாடி அறைக்குப் போய்விட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கழிவறை இருக்கிறது, ஒரு தடவை ஏறிவிட்டால் இறங்க வேண்டாம் என்று அவரேதான் சொன்னாராம். "மேல காத்து நல்லா வருது. உங்களுக்கும் தொந்தரவு இருக்காது" என்று இவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனாள். மகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே.

கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சுத்தமான காற்று. பாதித் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

ஏப்ரல் 24

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். இவள் வாளியோடு நின்றாள். பகல் முழுவதும் வெந்த தரை, கால் வைக்க முடியாது. படுக்கிறதுக்கு முன்னால் சூடு இறங்கட்டும் என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறாளாம். வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் சிமென்ட் மேல் ஓடி, ஓடின இடமெல்லாம் கறுத்து, உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது தரை.

அந்த மூச்சு என் மூக்கில் ஏறியது.

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முதலில் சூடு, பொடி, சுண்ணாம்பு. அடுத்த நொடி குளிர்ச்சி, பானையின் உட்புறம் மாதிரி. அதற்கு அடுத்து பெயர் தெரியாத ஒன்று, எட்டிப் பிடிப்பதற்குள் போய்விட்டது.

"இன்னொரு வாளி ஊத்து" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊற்றினாள். நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் இப்போது எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது. என்னை விட்டுத் தள்ளிப் போய்ப் படுப்பதற்கு அவள் ஊற்றிய தண்ணீர் அது. நான் நின்று ரசித்திருக்கிறேன்.

ஏப்ரல் 29

கம்பெனி லேப்பில் ஐந்து நாளாக அதே வேலை. மண்வாசனை எண்ணெய், வெட்டிவேர், பாசியில் எடுத்த சாறு. முதல் கலவை பூந்தொட்டி. இரண்டாவது நனைந்த நாய். மூன்றாவது பரவாயில்லை, ஆனால் கடையில் வாங்கின பரவாயில்லை. சுத்தமாக இருக்கிறது. சுத்தம்தான் பிரச்சினை.

அன்று மாடியில் மூன்றாவதாக வந்து மறைந்ததில் என்ன இருந்தது?

மே 2

கண்டுபிடித்துவிட்டேன்.

சாயங்காலம் இவள் வருவதற்கு முன்னால் நானே வாளியோடு மாடிக்குப் போய், ஊற்றிவிட்டு, முழங்காலில் குனிந்து தரையில் மூக்கை வைத்தேன். தொட்டிக்குழாய் சொட்டுகிற இடத்தில் காய்ந்த பாசி. சுவரோரம் புறா எச்சம். மூலையில் அழுகின இலை. தண்ணீர் பட்டதும் அதெல்லாம் கொஞ்சமே கொஞ்சம் எழுந்திருக்கிறது. அதுதான். அந்த ஒரு சிட்டிகை அசிங்கம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்.

அறை வாசலில் நாற்காலி போட்டு மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல மாமா. மோந்து பாக்கறேன்."

"தரையையா?"

"ஆமா. ஆபீஸ் வேலை."

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், தூரத்தில் நின்றே.

மே 6

ஒன்பதாவது கலவை. காகிதக் கீற்றில் தொட்டு, அது காய்வதற்குள் வீட்டுக்கு ஓடி வந்தேன். இவள் அடுப்படியில் இருந்தாள். கீற்றை நீட்டினேன்.

முகர்ந்தாள். "மாடி" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு சொல். எனக்குக் கால் தரையில் இல்லை. கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன், எச்சம், பாசி, எத்தனை சொட்டு என்று. அவள் கீற்றை மேடையில் வைத்தாள்.

"நாங்க எதுக்கு மேல போய்ப் படுத்தோம்னு தெரியுமா?"

"தெரியும்."

"புறா எச்சத்துல மூக்க வெச்சீங்களாமே. அப்பா சொன்னாரு. சிரிச்சிகிட்டேதான் சொன்னாரு." கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அவரு கிட்ட நாலடிக்குள்ள வந்ததில்ல நீங்க. எச்சத்துகிட்ட மண்டி போட்டிருக்கீங்க."

மே 7

சாப்பிடவில்லை. யாரும் கேட்கவில்லை.

மே 8

காலையில் இவள் வேலைக்குப் போன பிறகு மாடிக்குப் போனேன். லீவு சொல்லிவிட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. சும்மா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். வாயால் மூச்சு விடவில்லை.

அவர் பேப்பரை மடித்தார். "என்ன மாப்ள, ஆபீஸ் இல்லையா?"

"இல்ல மாமா."

"ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா? டீசல் புகையில என் மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சு. எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. இவள கேட்டா, அதெல்லாம் ஒண்ணுமில்லப்பாங்கறா. நீங்க சொல்லுங்க. என் கால் நாறுதா?"

இவருக்குத் தெரியாது. இத்தனை நாளும் நான் மூஞ்சியைத் திருப்பிய காரணமே அவருக்கு உறுதியாகத் தெரியாது. தன்னைப் பிடிக்கவில்லை என்றுகூட நினைத்திருப்பார்.

"நாறுது மாமா" என்றேன். "பாக்கட்டுமா?"

கட்டுக்குப் பக்கத்தில் குனிந்தேன். கண்ணில் தண்ணீர். எழுந்து போய்த் தொட்டி ஓரத்தில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, திரும்ப வந்து குனிந்தேன்.

மருந்து, பஞ்சு, நான் எழுத விரும்பாத அந்த இன்னொன்று, எல்லாம் இருந்தது. ஆனால் அவற்றோடு முடியவில்லை. இனிப்பாக ஒன்று, மூட்டைக்கு அடியில் நசுங்கின பழம் மாதிரி. முதல் நாள் கூடத்தில் இது இல்லை. சத்தியமாக இல்லை. மற்ற எதை மறந்தாலும் ஒரு நாற்றத்தை நான் மறக்க மாட்டேன்.

"இது வேற மாமா. கிளம்புங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நாளன்னைக்குதான வரச் சொல்லியிருக்காங்க?"

"இன்னைக்கே."

படியில் நடக்க விடவில்லை. பக்கத்து வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். அவருடைய கால் என் நெஞ்சுக்கு நேரே. படி முழுக்க அதன் மூச்சைத்தான் நான் மூச்சு விட்டேன்.

மே 9

உள்ளே சீழ் கட்டி எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. மேலே பார்த்தால் ஆறுகிற மாதிரிதான் தெரியுமாம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் முழங்காலோடு என்றார் டாக்டர்.

"சமீபத்துல மாடிப்படி ஏறினாரா?" என்று கேட்டார். இவள் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் மோசம். நான்தான் சொன்னேன், "ஆமா சார், ஏறினார். என்னால."

வராந்தாவில் இவள் சுவரில் சாய்ந்து நின்றாள். "நான் தினமும் கழுவினேனே. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"தினமும் பக்கத்துல இருந்த, அதனாலதான். பழகிப் போச்சு உனக்கு."

"உங்களுக்குப் பழகல."

"இல்ல."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து குளிக்காதவள், நானும்தான். இரண்டு பேரும் நாறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மே 14

சின்ன முதலாளி ஒன்பதாவது கலவையை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"என்ன சார் இது, ஒண்ணுமே இல்லையே. சும்மா தரையில தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு."

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு. அவர் குறையாகத்தான் சொன்னார்.

"பூ எங்க? லேபிள்ல ரோஜா இருக்கில்ல? மேல நல்லாப் பூவ ஏத்துங்க."

ஏற்றினேன். ஏற்றச் சொன்ன அளவுக்கு ஏற்றினேன். இப்போது அது சினிமா தியேட்டர் கழிவறையில் யாரோ மாலையைக் கழற்றிப் போட்ட மாதிரி இருக்கிறது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கை தட்டினார்கள். குமட்டல்.

மே 21

மாமனார் வீடு திரும்பினார். எங்கள் படுக்கையறையைக் கொடுத்துவிட்டோம். நாங்கள் மூவரும் கூடத்தில். இவளுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். அதனால் காலையில் கட்டு மாற்றுவது என் பொறுப்பு என்று நானே சொன்னேன். சொன்னதும் பயம் வந்தது.

முதல் தடவை ஒட்டுத்துணியைத் தப்பாக ஒட்டி, பிய்த்து, திரும்ப ஒட்டினேன். "மெதுவா மாப்ள, அது டயர் இல்ல" என்றார். இரண்டு தடவை வெளியே போய் வந்தேன். மகள் கதவோரம் நின்று பார்த்தாள்.

"உனக்கு நாறலயாப்பா?"

"நாறுதும்மா. ரொம்ப."

"அப்புறம் ஏன்?"

"அந்தக் கத்தரிக்கோல எடுத்துக் குடு."

கொடுத்தாள். மூக்கைச் சுருக்கித்தான் கொடுத்தாள். ஆனால் போகவில்லை.

ஜூன் 11

'கோடைத் தோட்டம்' கடைக்கு வந்துவிட்டது. நன்றாக விற்கிறதாம். பஸ் நிலையத்தில் துடைத்திருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தேன். சின்ன முதலாளிக்கு அடுத்து 'மழைக்கால மலர்' வேண்டுமாம். மறுபடி பூங்காவுக்குப் போகச் சொல்கிறார். போகிறேன். இந்த முறை குளத்துச் சேற்றுப் பக்கம் உட்காரலாம் என்றிருக்கிறேன்.

காலையில் வழக்கம்போல் கட்டைப் பிரித்தேன். வழக்கம்போல் வெளியே போய் வந்தேன். இந்தக் குமட்டல் நிற்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பழக விடவும் கூடாது. முழுசாகக் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தேன்.

மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார், "எப்படி இருக்கு இன்னைக்கு?"

"நாத்தம்தான் மாமா. ஆனா நேத்து நாத்தமேதான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு பக்கத்தைத் திருப்பினார்.